பறித்த பிறகு பழத்துக்குள் என்ன நடக்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மரத்திலிருந்து பறித்த பிறகும் காய்க்கு உயிர் இருக்கிறதா?

இருக்கிறது. காம்பு அறுந்ததும் வேரிலிருந்து வரும் நீரும் இலையிலிருந்து வரும் சர்க்கரையும் நின்றுவிடுகின்றன. ஆனால் காயின் உயிரணுக்கள் சுவாசிப்பதை நிறுத்துவதில்லை. அவை காற்றிலுள்ள ஆக்சிஜனை உள்ளிழுத்து, தம்மிடமுள்ள சர்க்கரையையும் அமிலங்களையும் எரித்து, கார்பன் டை ஆக்சைடையும் நீரையும் வெப்பத்தையும் வெளியிடுகின்றன. 180 கிராம் குளுக்கோஸ் முழுமையாக எரிய 192 கிராம் ஆக்சிஜன் வேண்டும். அதிலிருந்து 264 கிராம் கார்பன் டை ஆக்சைடும், 108 கிராம் நீரும், ஏறக்குறைய 2,870 கிலோஜூல் ஆற்றலும் கிடைக்கின்றன. இந்த ஆற்றலின் பெரும்பகுதி வெப்பமாகவே வெளியேறுவதால்தான், நெருக்கமாக அடுக்கிய பழக்குவியலின் நடுவில் கைவிட்டால் சூடு தெரிகிறது.

வரவு நின்றுவிட்டது, செலவு மட்டும் தொடர்கிறது என்பதே பறித்த பழத்தின் நிலை. கீழே வரும் கேள்விகளில் பல, அந்தச் செலவு எந்த வேகத்தில், எந்த வரிசையில் நடக்கிறது என்பதைப் பற்றியவை.

முற்றுவதும் பழுப்பதும் ஒன்றுதானே?

அல்ல. முற்றுதல் என்பது காய் தன் முழு வளர்ச்சியை அடைந்து, விதையை உருவாக்கி, மாவுச்சத்தையும் பிற சேமிப்புகளையும் நிரப்பிக்கொள்ளும் கட்டம். பழுத்தல் என்பது அந்தச் சேமிப்பை இனிப்பாகவும் மணமாகவும் நிறமாகவும் மாற்றும் கட்டம். முதலாவது செடியோடு இணைந்திருக்கும்போது மட்டுமே நடக்கும். இரண்டாவது, சில பழங்களில், பறித்த பிறகும் நடக்கும்.

முற்றாத காயைப் பறித்துப் பழுக்கவைத்தால் அது வெம்பிப்போகும் என்று நாம் சொல்வதன் வேதியியல் பொருள் இதுதான்: நிறம் மாறலாம், சதை ஓரளவு இளகலாம், ஆனால் சர்க்கரையாக மாறுவதற்கு உள்ளே போதிய மாவுச்சத்து இல்லை. எந்த வாயுவாலும் எந்த வெப்பநிலையாலும் இந்தக் குறையை ஈடுசெய்ய முடியாது.

வாழைக்காய் பறித்த பிறகு பழுக்கிறது. திராட்சை ஏன் பழுப்பதில்லை?

1920களில் கேம்பிரிட்ஜில் ஆப்பிள்களின் சுவாசத்தை அளந்த ஃபிராங்க்ளின் கிட், சார்லஸ் வெஸ்ட் ஆகிய இருவரும், பழுக்கத் தொடங்கும் தறுவாயில் ஆப்பிளின் சுவாசம் திடீரென்று உயர்ந்து, உச்சத்தை அடைந்து, பிறகு தணிவதைக் கண்டார்கள். அந்த எழுச்சிக்கு அவர்கள் கிளைமாக்டெரிக் என்று பெயரிட்டார்கள். வாழை, மா, பப்பாளி, சப்போட்டா, தக்காளி, ஆப்பிள், பேரி, வெண்ணெய்ப்பழம் ஆகியவை இந்தச் சுவாச எழுச்சி உள்ள பழங்கள். இவற்றை முற்றிய காயாகப் பறித்தாலும் பிறகு பழுக்கும். வெண்ணெய்ப்பழம் இன்னும் விசித்திரமானது: மரத்தில் தொங்கும்வரை அது இளகுவதே இல்லை, பறித்த பிறகுதான் பழுக்கத் தொடங்குகிறது.

திராட்சை, ஆரஞ்சு, எலுமிச்சை, அன்னாசி, மாதுளை, ஸ்ட்ராபெர்ரி, லிச்சி ஆகியவற்றில் இந்த எழுச்சி இல்லை. அதைவிட முக்கியமாக, அறுவடையின்போது இவற்றின் சதையில் குறிப்பிடத்தக்க மாவுச்சத்தும் இல்லை. இவை இனிப்பைச் செடியிலிருந்து நேரடியாகச் சர்க்கரையாகவே பெறுகின்றன. ஆகவே புளிப்பான திராட்சையை வாங்கி ஒரு வாரம் வைத்திருந்தால் வாடிய புளிப்புத் திராட்சைதான் மிஞ்சும்.

பழுக்கவைக்கும் வாயு என்று சொல்லப்படும் எத்திலீன் என்பது என்ன?

இரண்டு கார்பன் அணுக்களும் நான்கு ஹைட்ரஜன் அணுக்களும் கொண்ட மிகச் சிறிய மூலக்கூறு. தாவரங்களின் இயக்குநீர்களில் இதுவே வாயு வடிவில் இருப்பது. இதைக் கண்டறிந்த கதை சற்றுச் சுற்றிவளைத்தது. 1901இல் செயிண்ட் பீட்டர்ஸ்பர்க்கில் திமித்ரி நெல்யுபோவ், ஆய்வகத்தில் வளர்த்த பட்டாணி நாற்றுகள் மட்டும் குட்டையாகவும் தடித்தும் பக்கவாட்டில் படுத்தும் வளர்வதன் காரணத்தைத் தேடி, விளக்கெரிக்கப் பயன்பட்ட நிலக்கரி வாயுவில் கலந்திருந்த எத்திலீனே அதைச் செய்கிறது என்று காட்டினார். அமெரிக்காவில் எலுமிச்சைகளை மஞ்சளாக்குவதற்காக மண்ணெண்ணெய் அடுப்பு வைத்த அறைகளில் அடைத்துவந்தார்கள். சூடுதான் வேலை செய்கிறது என்பது அப்போதைய நம்பிக்கை. புகையில்லாத வேறு வெப்பமூட்டிகளை வைத்தபோது காய்கள் பச்சையாகவே இருந்தன. புகையிலிருந்த எத்திலீன்தான் காரணம் என்பதை 1924இல் எஃப். இ. டென்னி நிறுவினார். பழுக்கும் பழமே அந்த வாயுவை உற்பத்தி செய்கிறது என்ற வேதியியல் சான்றை 1934இல் ரிச்சர்ட் கேன் அளித்தார்.

பழம் அதை எப்படித் தயாரிக்கிறது என்பது தெளிவாக மேலும் பல ஆண்டுகள் பிடித்தன. மெத்தியோனின் என்ற அமினோ அமிலத்திலிருந்து தொடங்கி, இடையில் ஏசிசி எனச் சுருக்கமாக அழைக்கப்படும் ஒரு பொருள் உருவாகி, அது ஆக்சிஜனுடன் வினைபுரிந்து எத்திலீன் ஆகிறது. ஏசிசியின் இந்த இடத்தை 1979இல் ஷாங் ஃபா யாங் தன் சக ஆய்வாளர் ஆடம்ஸுடன் சேர்ந்து கண்டறிந்தார். கடைசிப் படிக்கு ஆக்சிஜன் கட்டாயம் தேவை என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சேமிப்புக் கிடங்குகளைப் பற்றிய கேள்வியில் அது மீண்டும் வரும்.

ஒரு பழம் பழுத்தால் கூடையிலுள்ள மற்றவையும் ஏன் வேகமாகப் பழுக்கின்றன?

சுவாச எழுச்சியுள்ள பழங்களில் எத்திலீன் தன்னைத்தானே பெருக்கிக்கொள்கிறது. எத்திலீனை உணரும் புரதங்களான ஏற்பிகளில் அது வந்து அமர்ந்ததும், மேலும் எத்திலீன் தயாரிக்கும் நொதிகளின் மரபணுக்கள் விழித்துக்கொள்கின்றன. ஒரு பழம் வெளியிடும் வாயு அடுத்த பழத்தில் இதே தொடரைத் தூண்டுகிறது. காற்றில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவான எத்திலீனே பல பழங்களை எழுப்பிவிடப் போதும். அடிபட்ட, வெட்டுப்பட்ட, பூஞ்சை பிடித்த பழங்கள் கூடுதல் எத்திலீனை வெளியிடுவதால், அழுகத் தொடங்கிய ஒன்றை உடனே அகற்றுவது பூஞ்சை பரவுவதைத் தடுப்பதற்காக மட்டும் அல்ல.

காயைப் பழுத்த ஆப்பிளுடன் ஒரு காகிதப் பையில் வைப்பதும் இதே விதியின் பயன்பாடுதான். காகிதம் வாயுவை ஓரளவு தேக்கிவைக்கிறது, ஆனால் ஆக்சிஜனை முற்றாகத் தடுப்பதில்லை.

இனிப்பு எங்கிருந்து வருகிறது?

வாழையை எடுத்துக்கொள்வோம். முற்றிய பச்சைக் காயின் சதையில் எடையில் ஏறக்குறைய 20 சதவீதம் மாவுச்சத்து. நன்கு பழுத்தபின் அது ஓரிரு சதவீதமாகக் குறைந்து, அந்த இடத்தில் கரும்புச் சர்க்கரை எனப்படும் சுக்ரோஸ், குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் ஆகியவை நிரம்புகின்றன. அமைலேஸ் முதலான நொதிகள் மாவுச்சத்தின் நீண்ட சங்கிலியைத் துண்டுதுண்டாக நறுக்குகின்றன; அந்தத் துண்டுகளிலிருந்து உயிரணு முதலில் சுக்ரோஸை உருவாக்கி, பிறகு அதன் ஒரு பகுதியைக் குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் பிரிக்கிறது. மாவுச்சத்து நாக்கில் கரையாது, சுவையும் தராது, சர்க்கரை கரையும். உள்ளே இருந்த பொருள் கூடவில்லை, வடிவம்தான் மாறியது. உண்மையில் சுவாசத்துக்குச் செலவான பங்கு போக மொத்தம் சற்றுக் குறைந்தே இருக்கும்.

ஆப்பிளில் இந்த மாற்றத்தைக் கண்ணாலேயே பார்க்கலாம். குறுக்கே வெட்டிய பரப்பில் அயோடின் கரைசலைத் தடவினால், மாவுச்சத்து உள்ள இடங்கள் கருநீலமாகும். பழுக்கப் பழுக்க நடுவிலிருந்து வெளிநோக்கி அந்த நீலம் மறையும். பழத்தோட்டக்காரர்கள் அறுவடை நாளைத் தீர்மானிக்க இச்சோதனையைப் பயன்படுத்துகிறார்கள்.

புளிப்பு எங்கே போகிறது?

பெரும்பாலும் சுவாசத்தில் எரிகிறது. ஆப்பிளில் மாலிக் அமிலமும், மாம்பழத்திலும் ஆரஞ்சு, எலுமிச்சை போன்ற நாரத்தை வகைகளிலும் சிட்ரிக் அமிலமும், திராட்சையில் டார்டாரிக் அமிலமும் முதன்மையானவை. இவற்றுள் மாலிக் அமிலம் எளிதில் செலவாகும்; டார்டாரிக் அமிலம் எளிதில் அசையாது. சில நாட்கள் வைத்திருந்த ஆரஞ்சு முன்பைவிட இனிப்பதாகத் தோன்றினால், சர்க்கரை கூடியதால் அல்ல, அமிலம் சற்றுக் குறைந்ததால்தான்.

துவர்ப்பு மறைவது எப்படி?

துவர்ப்புக்குக் காரணம் டானின்கள். இவை எச்சிலிலுள்ள புரதங்களுடன் பிணைந்து அவற்றைத் திரளவைப்பதால் வாய் வறண்டு இழுப்பதுபோல் உணர்கிறோம். பழுக்கும்போது டானின்கள் பெரும்பாலும் அழிவதில்லை. ஒன்றோடொன்று இணைந்து, கரையாத பெரிய மூலக்கூறுகளாகி, எச்சிலோடு கலக்க முடியாமல் போகின்றன. பெர்சிமன் பழத்தில் இதை வேண்டுமென்றே செய்கிறார்கள்: கார்பன் டை ஆக்சைடு நிறைந்த அறையில் ஏறத்தாழ ஒரு நாள் வைத்தால், ஆக்சிஜன் கிடைக்காத சதையில் அசிட்டால்டிஹைடு உருவாகி, அது டானின்களைக் கோத்துக் கட்டிவிடுகிறது. பழம் கெட்டியாக இருக்கும்போதே துவர்ப்பு நீங்கிவிடும்.

தோலின் நிறத்தை வைத்து பழுத்ததா என்று சொல்ல முடியுமா?

பல சமயம் முடியும், ஆனால் நம்பிவிடக் கூடாது. இனிப்பு, மென்மை, மணம், நிறம் ஆகியவை நான்கு தனித்தனி நொதிக் கூட்டங்களின் வேலை. எத்திலீன் இவற்றை ஏறக்குறைய ஒரே நேரத்தில் தொடங்கிவைக்கிறது, அவ்வளவுதான். ஒவ்வொன்றுக்கும் உகந்த வெப்பநிலை வேறு, வேகம் வேறு. சூழ்நிலை பிசகினால் இவை ஒன்றைவிட்டு ஒன்று விலகிவிடுகின்றன. பழத்தைப் பற்றிய ஏமாற்றங்களில் பெரும்பாலானவை இந்த விலகலிலிருந்தே பிறக்கின்றன என்பது என் கருத்து.

வாழையில் மஞ்சள் நிறம் புதிதாகத் தோன்றுவது அல்ல. கரோட்டினாய்டுகள் முன்பே தோலில் இருக்கின்றன. அவற்றை மூடியிருந்த பச்சையம் சிதைந்ததும் அவை வெளித்தெரிகின்றன. உலக வணிகத்தில் மிகுதியாக உள்ள கேவண்டிஷ் வகையைச் சுமார் 24 டிகிரி செல்சியஸுக்கு மேல் பழுக்கவைத்தால், பச்சையம் முழுதாகச் சிதையாமல் தோல் பச்சையாகவே நிற்க, சதை மட்டும் இனித்து இளகிவிடுகிறது. தக்காளியில் நிலைமை வேறு: அங்கே சிவப்பு நிறமியான லைக்கோப்பீன் புதிதாகவே உருவாக வேண்டும். 30 டிகிரிக்கு மேல் அதன் உற்பத்தி தடைபடும், மஞ்சள் நிறமிகள் மட்டும் உருவாகும்; கடும் வெயிலில் பழுத்த தக்காளி ஆரஞ்சு கலந்த மஞ்சளாக இருப்பது இதனால்தான்.

நாரத்தை வகைகளில் விலகல் இன்னும் வெளிப்படையானது. தோலின் பச்சையம் சிதையக் குளிர்ந்த இரவுகள் வேண்டும். வெப்பமண்டலத்தில் விளையும் ஆரஞ்சு முழுதாக முற்றி இனித்திருந்தாலும் வெளியே பச்சையாகவே இருக்கலாம். மரத்திலேயே நீண்டநாள் விடப்பட்ட வேலன்சியா வகை ஆரஞ்சு, வெயில் காலம் வந்ததும் மஞ்சளிலிருந்து மீண்டும் பச்சைக்குத் திரும்புவதும் உண்டு. எத்திலீன் செலுத்தி இவற்றின் தோலை நிறம் மாற்றலாம்; உள்ளிருக்கும் சுளைகளுக்கு அதனால் இனிப்புக் கூடாது.

பழம் ஏன் இளகுகிறது?

உயிரணுக்களை ஒட்டவைக்கும் பசை பெக்டின். காயில் அது கரையாத நிலையில், கால்சியம் அயனிகளால் இறுக்கிக் கட்டப்பட்டு இருக்கிறது. பழுக்கும்போது பெக்டின் மெத்தில் எஸ்டரேஸ், பாலிகாலக்டுரோனேஸ், பெக்டேட் லையேஸ் போன்ற நொதிகள் அதை அறுத்துக் கரையவைக்கின்றன. உயிரணுக்கள் ஒன்றைவிட்டு ஒன்று நழுவத் தொடங்குகின்றன. இவற்றில் பாலிகாலக்டுரோனேஸ்தான் முக்கியக் குற்றவாளி என்று நீண்டகாலம் நம்பப்பட்டது. அந்த நொதியை மரபணு வழியே அடக்கிய ஃப்ளேவர் சேவர் தக்காளி 1994இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. எதிர்பார்த்த அளவு அது கெட்டியாக இருக்கவில்லை. வேலையைப் பல நொதிகள் பங்கிட்டுக்கொண்டிருந்தன. பெக்டேட் லையேஸை அடக்கினால் தக்காளி தெளிவாகக் கெட்டியாக நிற்கிறது என்பது பின்னர் தெரிந்தது.

நீரிழப்பால் வரும் தொய்வு வேறு. எடையில் ஏறக்குறைய 5 சதவீத நீர் போனாலே பல பழங்களின் தோல் சுருங்கத் தொடங்கும். அது பழுத்ததன் அடையாளம் அல்ல.

மணம் எப்போது உருவாகிறது?

பொதுவாகக் கடைசியில். வாழைப்பழ மணத்தின் அடையாளமான ஐசோஅமைல் அசிட்டேட், ஆப்பிளின் ஹெக்சைல் அசிட்டேட், பீச் பழத்தின் லாக்டோன்கள் ஆகியவை அமினோ அமிலங்களையும் கொழுப்பு அமிலங்களையும் மூலப்பொருளாகக் கொண்டு, எத்திலீனின் தூண்டலில் உருவாகின்றன. இவை உருவாகும் வினைகள் குளிருக்கு மிகவும் அஞ்சுபவை. எத்திலீனை அடக்கி மாதக்கணக்கில் சேமித்த பழம் பார்வைக்கும் கடிக்கும் குறையின்றி இருந்தும் மணத்தில் சப்பென்று இருப்பதற்கு இதுவே காரணம். காம்பருகே முகர்ந்து பார்க்கும் பழைய வழக்கம், நிறத்தைப் பார்ப்பதைவிட நம்பத்தக்க சோதனை என்பேன்.

எல்லாப் பழங்களையும் குளிர்ப்பெட்டியில் வைக்கலாமா?

வெப்பநிலை 10 டிகிரி குறைந்தால் சுவாசம் பாதியாகவோ மூன்றில் ஒரு பங்காகவோ குறைகிறது. ஆகவே குளிர் பொதுவாக நல்லது. ஆப்பிள், பேரி, திராட்சை, செர்ரி ஆகியவை 0 டிகிரிக்கு அருகிலும் நன்றாக இருக்கும். வெப்பமண்டலப் பழங்களுக்கு இது பொருந்தாது. பச்சை வாழைக்காய் ஏறக்குறைய 13 டிகிரிக்குக் கீழே பாதிக்கப்படுகிறது. கப்பல்களில் அதை 13 முதல் 14 டிகிரியில் கொண்டுசெல்வது அதனால்தான். மாங்காயும் தக்காளியும் 10 முதல் 13 டிகிரிக்குக் கீழே நீண்டநாள் தாங்குவதில்லை.

உறைவது வேறு, குளிர்க்காயம் வேறு. இங்கே பனிக்கட்டி உருவாவதில்லை. உயிரணுச் சவ்வுகளிலுள்ள கொழுப்பு விறைத்து, சவ்வு கசியத் தொடங்கி, தனித்தனி அறைகளில் இருந்த நொதிகளும் ஃபீனால் சேர்மங்களும் கலந்துவிடுகின்றன. தோல் சாம்பல் நிறமாகிறது, குழிகள் விழுகின்றன, பழுக்கும் திறனே கெடுகிறது. சேதம் பெரும்பாலும் பழத்தை வெளியே எடுத்து ஓரிரு நாட்கள் கழித்தே தெரியவருவதால், குளிரின் மேல் சந்தேகம் வருவதில்லை.

நடைமுறையில்: காயாக இருப்பதை வெளியே வைத்துப் பழுக்கவிடுங்கள், பழுத்ததைச் சில நாட்கள் நீட்டிக்க மட்டும் குளிரில் வையுங்கள். பழுத்த வாழையின் தோல் குளிர்ப்பெட்டியில் கறுத்தாலும் உள்ளிருக்கும் சதை உண்ணத் தகுந்ததாகவே இருக்கும்.

ஆப்பிளை எப்படி ஏறக்குறைய ஓராண்டு வைத்திருக்கிறார்கள்?

குளிரோடு காற்றையும் மாற்றுகிறார்கள். சாதாரணக் காற்றில் 21 சதவீதம் ஆக்சிஜன். அடைத்த கிடங்குகளில் அதை 1 முதல் 3 சதவீதத்துக்கு இறக்கி, கார்பன் டை ஆக்சைடைச் சற்று உயர்த்துகிறார்கள். சுவாசம் மந்தமாகிறது, எத்திலீனின் கடைசிப் படிக்கு வேண்டிய ஆக்சிஜனும் கிடைப்பதில்லை. ஆக்சிஜனை மேலும் குறைத்தால் பழம் நொதிக்கத் தொடங்கும் என்பதால் இது கத்திமுனை நடையே.

1990களில் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எட்வர்ட் சிஸ்லரும் சில்வியா பிளாங்கன்ஷிப்பும் வேறொரு வழியைத் தந்தார்கள். 1-மெத்தில்சைக்ளோப்ரோப்பீன் என்ற வாயு எத்திலீனின் ஏற்பிகளில் போய் அமர்ந்து, எளிதில் எழுந்திருப்பதில்லை. எத்திலீன் சுற்றிலும் இருந்தாலும் பழத்துக்குச் செய்தி எட்டாது. காற்றில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு அளவே போதும். புதிய ஏற்பிகள் உருவாகும்வரை பழம் காத்திருக்கும். பேரியில் அளவு மிகுந்தால் அது சரியாகப் பழுக்காமலேயே போய்விடுவதும் உண்டு.

கார்பைடு கல் வைத்துப் பழுக்கவைப்பதும் எத்திலீன் அறையில் பழுக்கவைப்பதும் ஒன்றா?

ஒன்றல்ல. கால்சியம் கார்பைடு ஈரம் பட்டதும் அசிட்டிலீன் வாயுவை வெளியிடுகிறது. அது எத்திலீனைப் போல நடிக்கும், ஆனால் பல மடங்கு வலிமை குறைந்தது. தொழிற்சாலைக் கார்பைடில் ஆர்சனிக், பாஸ்பரஸ் மாசுகள் கலந்திருப்பதால் ஆர்சைன், பாஸ்பைன் என்னும் நச்சு வாயுக்களும் சேர்ந்து வருகின்றன. கையாளுபவருக்கும் உண்பவருக்கும் இது தீங்கு. பல நாடுகளில் தடைசெய்யப்பட்டது.

எத்திலீன் அறையில் பழம் தானே தயாரிக்கும் அதே மூலக்கூறு, வழக்கமாகப் பத்து லட்சத்தில் 100 பங்கு என்ற அளவில், ஓரிரு நாட்கள் செலுத்தப்படுகிறது. காற்றில் 2.7 சதவீதத்தைத் தாண்டினால் எத்திலீன் தீப்பற்றி வெடிக்கக்கூடியது. பயன்படுத்தும் அளவோ 0.01 சதவீதம். பழங்கள் வெளியிடும் கார்பன் டை ஆக்சைடு 1 சதவீதத்தைத் தாண்டினால் பழுத்தல் மந்தமாவதால், அறையை அவ்வப்போது திறந்து காற்றோட்டம் தர வேண்டும். முற்றாத காயை அடைத்தால் இந்த அறையிலும் வெம்பல்தான் வெளிவரும்.

வெட்டிய பழம் பழுப்பு நிறமாவது பழுத்தலின் பகுதியா?

இல்லை. வெட்டும்போது உயிரணுக்கள் உடைந்து, பாலிஃபீனால் ஆக்சிடேஸ் என்ற நொதியும் ஃபீனால்களும் ஆக்சிஜனும் சந்திக்கின்றன. உருவாகும் குயினோன்கள் ஒன்றிணைந்து பழுப்பு நிறமியாகின்றன. எலுமிச்சைச் சாறு இருவழியில் தடுக்கிறது: அமிலம் நொதியை மந்தமாக்குகிறது, வைட்டமின் சி குயினோன்களைத் திரும்பப் பழைய நிலைக்கு மாற்றுகிறது. அந்த வைட்டமின் தீர்ந்ததும் நிறம் மாறத் தொடங்கும்.

வைத்திருக்க வைத்திருக்கச் சத்து குறையுமா?

வைட்டமின் சி பொதுவாகக் குறையும். வெப்பத்திலும் அடிபட்ட இடங்களிலும் வேகமாகக் குறையும். மாறாக, தக்காளியிலும் மாம்பழத்திலும் கரோட்டினாய்டுகள் பழுக்கும்போது கூடுகின்றன. தாது உப்புகளில் மாற்றமில்லை.

காற்றுப்புகாத பிளாஸ்டிக் பையில் வைத்த பழத்தில் கள் வாடை வருவது ஏன்?

பழம் பையிலிருந்த ஆக்சிஜனைச் சுவாசித்துத் தீர்த்துவிட்டது. அதன்பின் உயிரணு சர்க்கரையைப் பாதியிலேயே உடைத்து, அசிட்டால்டிஹைடு வழியாக எத்தனாலாக மாற்றுகிறது. வாடை அதிலிருந்து வருகிறது. இதற்கு ஈஸ்ட் தேவையில்லை, பழத்தின் நொதிகளே போதும். ஆரம்ப நிலையில் பையைத் திறந்துவிட்டால் வாடை ஓரளவு ஆவியாகி நீங்கும். நன்கு அளிந்த பழத்தில் தோல் வெடித்து ஈஸ்ட்டும் நுழைந்துவிடுவதால், அங்கே இரண்டு நொதித்தல்களும் சேர்ந்தே நடக்கும். அதைக் காற்றாட வைத்தாலும் பயனில்லை.